நிறைந்தபடி திரும்பிய போத்தல்

வகுப்பில் முதலில் கை உயர்த்தியவன் நான்தான். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். பின்னால் எழுதலாம் என்று விட்டால், வேறு காரணங்களுக்கு நடுவே இதை எங்காவது ஒளித்துவிடுவேன்.

களுவாஞ்சிகுடியில் தண்ணீர்ப் பம்புகள் விற்கும் கடையொன்றில் எனக்கு வேலை. வேலை முடிந்ததும் அதே தெருவில் கணக்கியல் மாலை வகுப்புக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமை வகுப்பைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றலாமா என்று விரிவுரையாளர் கேட்டார். "ஒராளுக்குக் கஷ்டமெண்டாலும் மாத்தமாட்டன், சொல்லுங்க" என்றும் சொன்னார். கஷ்டம் என்று சொல்ல நீதிமன்றக் கட்டளையையே கையில் வைத்திருந்தவன் நான். சனிக்கிழமை காலையிலிருந்து ஞாயிறு மாலை வரை என் மகள் விதுர்ஷா என்னுடன் இருக்க வேண்டும் என்பது கட்டளை. அதைக் கேட்டு வாங்கியவனும் நான்தான்.

"மாத்துங்க சேர். எனக்குப் பிரச்சினையில்ல" என்றேன்.

பக்கத்து மேசையில் இருந்த பர்ஸானா திரும்பிப் பார்த்தாள். "உதயன் அண்ணன், அது உங்கட மகள் வாற நாளெல்லுவா?"

"அதச் சமாளிக்கலாம்."

"நீங்க பெரிய ஆள்தான்" என்று அவள் சிரித்தாள். படிப்புக்காக நான் ஏதோ தியாகம் செய்கிறேன் என்று நினைத்திருப்பாள். நான் திருத்தவில்லை.

நான் இருப்பது குருக்கள்மடத்தில், அக்கா தவமலரின் வீட்டில். 'எங்கள் வீட்டில்' என்று எழுதிவிட்டு வெட்டினேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அப்பா கட்டிய வீடு அக்காவின் சீதனமாகப் போனது. மண்டூரில் மாமனார் கட்டிய வீடு என் மனைவி சுலோஜனாவின் சீதனம். கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போய் இருப்பான். அதில் யாரும் குறை காண்பதில்லை. கல்யாணம் முறிந்தால் அவன் எங்கே போவான் என்பதற்குத்தான் வழக்கத்தில் பதிலில்லை. நான் ஒரு உடுப்புப் பையோடு வாவியைக் கடந்து அக்காவிடம் வந்தேன்.

மண்டூர், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிறது. நாங்கள் கடற்கரைப் பக்கம், எழுவான்கரை. ஆட்களையும் சைக்கிளையும் ஆட்டோவையும் ஏற்றிக்கொண்டு குருமண்வெளித் துறைக்கும் மண்டூருக்கும் இடையே ஓடும் தட்டைப் படகைத்தான் இங்கே பாதை என்போம். சனிக்கிழமை காலையில் சுலோஜனாவின் தம்பி வினோஜன் விதுர்ஷாவைப் பாதையில் கூட்டி வந்து துறையில் விடுவான். ஞாயிறு பின்னேரம் வந்து கூட்டிப் போவான். எனக்கும் சுலோஜனாவுக்கும் பேச்சென்றால் வட்சப்பில்தான்.

இராத் தங்கலைக் கேட்டபோது என் சட்டத்தரணி ஒரு கேள்விதான் கேட்டார். "பொம்பிளப் புள்ள. இராவில பாத்துக்கொள்ள வீட்டில பொம்பிள ஆள் இரிக்கா?"

"அக்கா இரிக்கா."

அந்த ஒரு வசனத்தில்தான் கட்டளை கிடைத்தது. என் சனிக்கிழமைகள் முழுவதும் அக்காவின் பெயரில் நிற்கின்றன என்பதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நான் நேர அட்டவணை போட்டிருந்தேன்: காலையில் வாசிப்பு, பிறகு கடற்கரை, மத்தியானம் தூக்கம், பின்னேரம் கணக்கு. ஏழு வயதுப் பிள்ளைக்கு அட்டவணை போடுவது சரியா என்று ஒரு நாள் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்துக்கும் ஒரு தீர்வு கண்டு, 'விளையாட்டு' என்று ஒரு வரி சேர்த்தேன். இரவில் அவள் அக்காவின் அறையில், கட்டாரில் இருக்கும் மச்சான் நல்லரத்தினம் போன தடவை வந்தபோது வாங்கிப் போட்ட புது மெத்தையில், அக்காவோடு படுத்தாள். நான் முன் அறையில் பாயில் படுத்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு காலையில் மெத்தை நனைந்திருந்தது.

அக்கா அதை இரண்டு கையாலும் இழுத்து வந்து தெருப்பக்க மதிலில் போட்டாள். வெயில் அந்தப் பக்கம்தான் விழும். இதையும் நியாயமாக எழுத வேண்டும். அடுத்த வளவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னகா தவம், மெத்தைக்கு என்ன வந்த?"

அக்கா அவளுக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "டேய் தம்பி, உன்ட மகள் மண்டூரில இரிந்து வரக்குள்ள வாவியையும் கொண்டந்து ஊத்திட்டாள்டா. இனிப் பாதைக்காரனை இஞ்ச வரச் சொல்லு. அறைக்குள்ளயே ஓட்டலாம்."

அடுத்த வளவுக்காரி மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

விதுர்ஷா கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றாள். வாயில் நுரை. அவள் தன் மாமியான அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அக்கா கெட்டவள் அல்ல. என் மகளுக்குக் குறட்டை மீன் பிடிக்காது என்று தெரிந்து, வேறு மீன் வாங்கி வைப்பாள். பகிடி பண்ணாமல் அவளுக்கு ஒரு விடயத்தைச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் நான் சிரித்தது பகிடிக்காக அல்ல. அவள் வீட்டில் படுத்து, அவள் ஆக்கிய சோற்றைத் தின்கிறவன் சிரிக்காமல் நின்றால் அது ஒரு பதிலாகிவிடும். அந்தப் பதிலைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சிரிப்பு தானாக வந்தது என்று ஒரு கிழமை நம்பிப் பார்த்தேன். தானாக வரவில்லை. நான் கூப்பிட்டுத்தான் வந்தது.

அதற்குப் பிறகு மெத்தை நனையவில்லை. இரண்டு மூன்று சனிக்கிழமைகள் அப்படிப் போயின. என் நாட்குறிப்பில் 'முன்னேற்றம்' என்று எழுதி, கீழே கோடும் போட்டேன்.

அவளுடைய பையில் சுலோஜனா கொதித்தாறிய தண்ணீர் நிரப்பி வைத்துவிடும் ரோஸ் நிறப் போத்தல் ஒன்று இருக்கும். ஞாயிறு பின்னேரம் பையை அடுக்குவது என் வேலை. ஒரு முறை போத்தலை எடுத்தபோது பாரமாக இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். வந்தபடியே நிறைந்திருந்தது. வீட்டுத் தண்ணீரைக் குடித்திருப்பாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேனா, அப்படி நினைக்க விரும்பினேனா என்று இப்போது கேட்டால், இரண்டாவதுதான். அவள் என் கண் முன்னால் தண்ணீர் குடித்த ஞாபகம் எனக்கு இல்லை. கடற்கரையில் ஓடிவிட்டு வந்து, உதட்டை நக்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்த ஞாபகம்தான் இருக்கிறது. நான் போத்தலை மூடித் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

போன மாதம் மறுபடியும் நனைந்தது. இந்த முறை அக்கா பகிடி பண்ணவில்லை. அடுத்த சனிக்கிழமை, வெறும் யூரியாப் பைகளை வெட்டித் தைத்து மெத்தையின் விரிப்புக்குக் கீழே போட்டிருந்தாள். விதுர்ஷா புரண்டால் பை சரசரக்கும். முன் அறையில் படுத்திருந்த எனக்கு அந்தச் சத்தம் ஒரு தடவை கேட்டது. பிறகு கேட்கவில்லை. பிள்ளை அசையாமல் படுத்திருக்கிறாள் என்று விளங்கியது. எழுந்து போய் அவளைத் தூக்கி வந்து என் பாயில் போட்டிருக்கலாம். நடுச்சாமத்தில் அக்காவின் அறைக் கதவைத் தட்டுவதா என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

அந்தக் கிழமைதான் விரிவுரையாளர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் கை உயர்த்தினேன்.

சுலோஜனாவுக்கு எழுதினேன்: 'வகுப்பு சனிக்கிழமைக்கு மாறிவிட்டது. இனி ஞாயிறு பகல் மட்டும் பிள்ளையைத் தந்தால் போதும். கட்டளையை மாற்ற இரண்டு பேரும் சம்மதித்தால் சரி.' இப்படிச் செய்தால் யாருக்கும் வெட்கமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவின் மெத்தை தப்பும், பிள்ளை தப்புவாள், நானும் படிக்கிற ஆளாகத் தெரிவேன்.

அவள் ஒரு வரியில் பதில் போட்டாள். 'ஞாயிறு தம்பி வரல்ல, நான் வாறன்.'

ஞாயிறு பின்னேரம் நாங்கள் துறைக்குப் போனபோது பாதை அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. விதுர்ஷா பையை முதுகில் மாட்டிக்கொண்டு, என் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றாள். பாதை கரையில் தட்டியதும் சுலோஜனா இறங்கி வந்தாள். மெலிந்திருந்தாள். அல்லது நான் நீண்ட நாளாகப் பார்க்காததால் அப்படித் தெரிந்திருக்கலாம்.

"மனே, கச்சான் வாங்கிட்டு வா" என்று விதுர்ஷாவின் கையில் ஒரு தாளை வைத்தாள். கச்சான் கடலை விற்பவர் துறை வாசலில் இருந்தார். பிள்ளை ஓடினாள்.

"வகுப்பு நல்லதுதானே" என்றாள். "படிச்சு முடிங்க. எத்தின காலத்துக்குத்தான் பம்பு விக்கிற?"

"ம்."

"லோயரம்மாட்டக் கேட்டனான். ரெண்டு பேரும் கையெழுத்து வெச்சாக் காணுமாம்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. நான் ஆயத்தம் செய்து வந்த வசனங்கள் ஒன்றும் தேவைப்படவில்லை.

"ஒண்டு சொல்லணும். கோவிக்காதீங்க" என்றாள். "புதன்கிழம புள்ளய ஆசுபத்திரிக்குக் கொண்டு போன நான். சலம் போகக்குள்ள எரியுதெண்டு அழுதவள். தண்ணி குடிக்காம, சலத்தையும் அடக்கி அடக்கி வெச்சுக் கிருமி பிடிச்சிட்டாம். பேக்குக்குள்ள மருந்து வெச்சனே, குடுத்தீங்களா?"

கொடுத்தேன். நேரம் தவறாமல் கொடுத்தேன். என்ன மருந்து என்று விதுர்ஷாவிடம் கேட்டேன், இருமலுக்கு என்றாள். அந்த இரண்டு நாளில் அவள் ஒரு தடவைகூட இருமவில்லை.

"அவள் வீட்டில நல்லாக் குடிப்பாள்" என்று சுலோஜனா சொல்லிக்கொண்டே போனாள். "சனிக்கிழம விடிஞ்சா நிப்பாட்டிருவாள். ஏனெண்டு கேட்டன். மாமிட மெத்தை புதிசாம், நனைஞ்சா மாமி பகிடி பண்ணுவாவாம். அப்பாட்டச் சொல்லு மனே, அப்பா மாமியப் பேசுவார் எண்டன். அவள் வாயே திறக்கல்ல."

பிள்ளை வருகிறாளா என்று துறை வாசலைப் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டீங்க. அது எனக்குத் தெரியும். நமக்குள்ள ஆயிரம் இரிந்திச்சு. ஆனா புள்ள விசயத்தில உங்கள நான் ஒரு இடத்திலயும் குறை சொன்னதில்ல. கோட்டிலயும் சொல்லல்ல."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் வகுப்பைப் பிடித்துக்கொண்டு தப்பியிருப்பேன். அதற்குத்தான் ஆயத்தமாக வந்திருந்தேன். அவள் என்னை நல்லவன் என்கிறாள். தலையை ஆட்டினால் போதும், அந்தப் பெயரோடு வீட்டுக்குப் போகலாம். நான் தலையை ஆட்டவும் தொடங்கினேன் என்றுதான் நினைக்கிறேன்.

விதுர்ஷா கச்சான் சுருளோடு வந்துவிட்டாள். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, இனி நான் சனிக்கிழம வாறல்லயா?"

"அப்பாக்கு வகுப்பு மனே."

பிள்ளை என் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள், அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல.

"அப்பா, மெத்தையில படுக்கல்ல. நிலத்தில படுக்கட்டா? நேத்து நனையல்லதானே."

துறையில் ஆட்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். "வாங்க வாங்க, ஏறுங்க" என்று பாதைக்காரர் கத்தினார். சுலோஜனா பிள்ளையின் கையைப் பிடித்தாள்.

"சுலோ" என்றேன். அந்தப் பெயரை இரண்டு வருடமாக நான் சொல்லவில்லை. "எனக்குத் தெரியும். மெத்தை நனைஞ்சது தெரியும். அக்கா பகிடி பண்ணக்குள்ள நானும் பக்கத்திலதான் நிண்டன்."

"நிண்டு?"

"சிரிச்சன்."

அவள் நடப்பதை நிறுத்தினாள்.

"வகுப்பையும் அவங்க மாத்தல்ல. என்னக் கேட்டுத்தான் மாத்தின. நான்தான் முதல்ல கை உயர்த்தின."

"புள்ள வரப்படாதெண்டா?"

"ஓம்" என்றேன். பிறகு, "இல்ல" என்றேன். பிறகு எது சரி என்று எனக்கே தெரியவில்லை. "அவள் அங்க கிடந்து படுற பாட்ட என்னால பாக்க ஏலாம இரிந்திச்சு. நிப்பாட்டவும் ஏலாம இரிந்திச்சு."

சுலோஜனா பிள்ளையின் கையை விடவில்லை. "இத என்னிட்டச் சொல்லி என்ன?" என்றாள். "சிரிச்சது என்னப் பாத்தா? அவளிட்டச் சொல்லுங்க."

அவள் பிள்ளையோடு பாதையில் ஏறினாள். நான் மோட்டார் சைக்கிளைப் பூட்டக்கூட இல்லை. பாதைக்காரர் சங்கிலியைப் போடுமுன் ஏறிவிட்டேன்.

பாதை நகர்ந்தது. விதுர்ஷா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையை முன்பக்கம் திருப்பி, கச்சான் உரிக்க இடைஞ்சலாகத் துருத்திக்கொண்டிருந்த போத்தலை எடுத்து என் கையில் தந்தாள். அது பாரமாக இருந்தது. பக்கத்தில் ஒருவர் கோழிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்திருந்தார். நான் குனிந்து சொல்லத் தொடங்கியதும் மரியாதையாக மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனாலும் அவருக்குக் கேட்டிருக்கும்.

"அண்டைக்கு மாமி பகிடி பண்ணக்குள்ள அப்பா சிரிச்சது பிழை."

அவள் ஒரு கச்சானை உரித்து வாயில் போட்டாள்.

"நீ ஒரு பிழையும் செய்யல்ல. அது வருத்தம். மருந்து குடிச்சா மாறும். எனக்கு வெக்கமா இரிந்திச்சு, அதால சிரிச்சிட்டன்."

"என்னால வெக்கமா?"

"இல்லம்மா. அது மாமிட வீடு. அப்பா அங்க சும்மா இரிக்கன். மாமி என்ன சொன்னாலும் எனக்குத் திருப்பிச் சொல்ல வராது."

அவள் யோசித்தாள். "நீங்களும் மாமிக்குப் பயமா?"

கோழிக்கூட்டுக்காரரின் தோள் சிரிப்பில் அசைந்தது. "ஓம்" என்றேன்.

"நான் மட்டும்தான் எண்டு நினைச்சன்" என்றாள் விதுர்ஷா.

நான் போத்தலைத் திறந்து நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "அங்கால போய்க் குடிக்கன்." இன்னும் பாதி வாவி இருந்தது. நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தோன்றியது.

மண்டூர்த் துறையில் வினோஜன் ஆட்டோவோடு நின்றான். என்னைக் கண்டதும் கோபப்படுவதா, வரவேற்பதா என்று தெரியாமல் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். சுலோஜனா பிள்ளையை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இராத் தங்கல் வேணாம்" என்றாள். "உங்கட வகுப்புக்காக இல்ல."

"ஓம்."

"ஞாயிறு விடிய நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க. பின்னேரம் கொண்டந்து விடுங்க. தம்பிய இனி அனுப்பமாட்டன்."

"ஓம்."

"பேப்பரில காரணம் என்னெண்டு போடுற?" கேட்டுவிட்டு, அவளே சொன்னாள். "வகுப்பெண்டே போடட்டா? லோயரம்மாக்கு அதத்தான் சொல்லியிரிக்கன்."

அது இரக்கமா, இனிமேல் என்னிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்ற கணிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. எதுவாக இருந்தாலும் வழி திறந்திருந்தது. வகுப்பு என்று போட்டால் நீதவான் கேள்வி கேட்கமாட்டார். கேட்டாலும் பெருமையான கேள்வியாகத்தான் இருக்கும்.

"இல்ல சுலோ. தகப்பனுக்குப் புள்ளயப் படுக்க வைக்கச் சொந்தமா இடமில்ல எண்டு போடச் சொல்லு."

எங்கள் பக்கத்தில் எந்த ஆணுக்கும்தான் வீடில்லை. ஆனால் அதை நீதிமன்றத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கிறவன் நானாகத்தான் இருப்பேன்.

"ஒரு அறை எடுத்தா மறுகா கேப்பன்" என்றேன்.

"எடுத்திட்டுக் கேளுங்க" என்றாள். ஆட்டோ புறப்பட்டது. விதுர்ஷா பின் கண்ணாடியால் கை காட்டினாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அவள் கச்சான் உரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் பாதையில் ஏறிய பிறகுதான் போத்தல் இன்னும் என் கையில் இருப்பதைக் கண்டேன்.

மோட்டார் சைக்கிள் விட்ட இடத்திலேயே நின்றது. வீட்டுக்கு வந்தபோது அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். மெத்தை வழமைபோல மதிலில் கிடந்தது. நனையாத நாளிலும் இப்போது அதை வெயிலில் போடுகிறாள்.

"என்னடா, இவ்வளவு நேரம்? போத்தல விட்டுட்டுப் போயிட்டாளா மறதிக்காரி? கொண்டா, கழுவி வைக்கன்."

"கழுவத் தேவையில்ல அக்கா. அதில அவள் வாய் வைக்கவே இல்ல."

"ஏன்?"

அக்கா கேட்டது சும்மாதான். விளக்குமாறு நிற்கவில்லை. நான் முதலில் வாசல் கதிரையில் உட்கார்ந்தேன். பிறகு, இதை உட்கார்ந்துகொண்டு சொல்லக் கூடாது என்று பட்டது. எழுந்து போய், மதிலில் கிடந்த மெத்தையை இரண்டு கையாலும் இழுத்து உள்ளே கொண்டுபோய்ப் போட்டேன். திரும்பி வந்து அவளுக்கு முன்னால் நின்றேன்.

"சொல்றன், விளக்குமாற வை" என்றேன். அவள் வைத்தாள்.